துணிக்கூடைக்குள் ஹீட்டர்

மட்டாஞ்சேரியில் பிச்சுமணியின் பழம்பொருள் கடைக்கு அன்று ஒரு செம்புக் கிண்ணம் வந்தது. தாம்பாளத்தின் அகலம். நடுவே பல்பு திருகுவது போல வெறும் ஹோல்டர்.

“குளிர் காயற பழைய ஹீட்டராக்கும் இது, வசந்தி. உள்ளே திருகற சாதனம்தான் இல்லை. வெள்ளைப் பீங்கான் கூம்பு, மேல கம்பி சுத்தியிருக்கும். நம்ம பல்புப் பெட்டியில ஒண்ணு கண்டேனே, அது எங்கே?”

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கடைப் பணிப்பெண் வசந்தியின் கை நின்றது.

“அது பல்பு இல்லையா சார்?”

“திருகற மரை பல்பு மாதிரிதான். கரண்ட் ஏறினா அடுப்பா பழுக்கும். ஏன்?”

“அதைத்தான் எடுத்துட்டுப் போய், நீங்க குடுத்த மேஜை விளக்குல காலையில மாட்டினேன்...”

“மேல துணிக்கூடை கவிழ்த்த விளக்கா? ஈஸ்வரா!”

மழையில் மரம் சாய்ந்து, காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எரிகிறதா என்று பார்க்க முடியாமல், சுவிட்சை அணைக்கவும் மறந்து வேலைக்கு வந்துவிட்டாள். அந்த விளக்கின் கீழேதான் மகள் அம்மு காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வசந்தி ஓடினாள். மிளகு மூட்டை ஏற்றிய வண்டியில் இடித்துக்கொண்டாள். செருப்பு எங்கேயோ கழன்றது. பாதி வழியில், டீக்கடை ட்யூப்லைட் கண் சிமிட்டி எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது!

அதற்கப்புறம் எப்படி ஓடினாளோ, அவளுக்கே தெரியாது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடுக்கில் தீய்ந்த துணியின் நாற்றம்.

“அம்மு! அம்மு!”

கதவை உலுக்கினாள். சுவரில் வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான பியூஸ் பெட்டி. எக்கிப் பிடித்து, பியூஸைப் பிடுங்கி எறிந்தாள். வரிசையே இருண்டது.

“எடி வசந்தி, ப்ராந்தா, பைத்தியமா உனக்கு? இப்பத்தான் கரண்ட் வந்தது, என் சீரியல் போச்சு!” என்று சீறிக்கொண்டு வந்த கமலாக்ஷி, நாற்றம் மூக்கில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து கதவை இடித்தார்கள்.

தாழ் விலகியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மு நின்றாள். அவளுக்குப் பின்னால் துணிக்கூடையில் கரிந்த ஓட்டை. அதன் விளிம்பு இன்னும் கனன்றது. கமலாக்ஷி தண்ணீர்க் குடத்தோடு பாய்ந்தாள்.

வசந்தி மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“வெளிச்சமே வரலம்மா,” என்றாள் அம்மு தூக்கக் கலக்கத்தில். “ஆனா குளிருக்கு இதமா இருந்துச்சு. அதான் போர்வையோட கிட்டப் போய்ப் படுத்துக்கிட்டேன்.”