எட்டரை சைஸ் பூட்

1

இந்தக் கதை ஒரு கடையில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில், டப்ளின் பக்கம், பழைய விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்கிற கடை. நான் வேறு எதற்கோ போயிருந்தேன். அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"வளர்ற பொண்ணு. ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துடலாம்."

ஒரு பெண் குரல், "அதுவும் சரிதான்" என்றது.

இவ்வளவுதான் நிஜம். மீதி நான் கட்டியது. (இது முழு உண்மை இல்லை. ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கதையை எழுத எனக்கு முகம் இருக்காது.)

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகமெல்லாம் அப்புறம். சில பேருக்குக் கடைசி வரைக்கும் முகமே வராது. இதில் மூன்று பேர்: ஜெயபிரகாஷ், அவன் மனைவி பிரீத்தி, மகள் ரக்ஷா. சொந்த ஊர் ஈரோடு பக்கம் என்று வைத்துக்கொண்டேன், அந்த ஆண் குரலின் இழுப்பை வைத்து. ரக்ஷாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் சொல்வதை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். 'அம்மா', 'அப்பா' என்ற இரண்டு சொல் மட்டும் அவளுடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

பனி பொழிந்துகொண்டிருந்தது.

அடித்தாயிற்று. டப்ளினில் பனி பொழியாது. பனி வேண்டுமென்றால் தாஹோ ஏரிப் பக்கம் நாலு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போக வேண்டும்.

இரண்டாம் முயற்சி:

ஜெயபிரகாஷ் ஒரு கஞ்சன்.

இதில் எனக்கு ஒரு பத்தி வரை ஓடியது. கஞ்சனை எழுதுவது சுலபம், வாசிக்கிறவர்களுக்கும் அவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அவன் ஒத்துழைக்கவில்லை. நவம்பர் கடைசியில் அவனுக்கு வேலை போயிருந்தது. விசாக்காரனுக்கு அறுபது நாள். அதற்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். மகளுக்கு ஸ்னோபோர்டு, அதாவது பனிச்சரிவில் நின்றபடி சறுக்குகிற பலகை, வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னது ஆகஸ்டில், வேலை இருந்தபோது. கஞ்சனாக இருந்தால் அந்தப் பேச்சை அப்படியே விட்டிருப்பான். இவன் போர்டு, பைண்டிங், பூட் மூன்றுக்கும் சேர்த்து முந்நூறு டாலர் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, ராத்திரி பகலாக அதைப் பற்றியே படித்தான்.

மூன்றாம் முயற்சி:

"அப்பா கிட்ட சொல்லாதே."

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இது வர வேண்டிய இடம் நாலாம் பகுதி.

3

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் மூன்று பேரும் இருக்கிறார்கள். பிரீத்தி கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். அவளுடைய காதால்தான் நாம் கேட்கப் போகிறோம்.

ரக்ஷா ஒரு மஞ்சள் போர்டைத் தொட்டாள். "இது."

"வளைச்சுப் பாரு அம்மிணி."

"வளையல."

"அதான். நீ தாவிக் குதிக்கற ஆளு. ஃப்ரீஸ்டைலுக்குப் போர்டு கொஞ்சம் நெகிழணும். ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கணும், பின்னாலயும் ஓட்டுவேல்ல?" ஒரு கறுப்புப் போர்டை எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்தினான். முனை அவள் மோவாய்க்குச் சரியாக வந்தது. கவிழ்த்து, அடிப்பக்கத்தில் விரலால் கோடு கோடாகத் தடவினான். "கீறல் மேலாக்கதான் இருக்கு. ஓரத் தகடு பிரியல."

"கறுப்பு சவப்பெட்டி மாதிரி இருக்கு."

"ஸ்டிக்கர் ஒட்டிக்க."

[சவப்பெட்டி என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது, நான் சேர்த்தது இல்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். குழந்தைகள் இப்படித்தான் பேசுகிறார்கள்.]

கடைக்காரப் பெண் வந்தாள். இவன் எடுத்து வைத்த போர்டைப் பார்த்துவிட்டு, "நல்ல கண் உங்களுக்கு" என்றாள். ஜெயபிரகாஷ் காதுவரை சிவந்துபோனான். மூன்று வாரமாக அவனை யாரும் எதற்கும் பாராட்டியிருக்கவில்லை. பிரீத்தி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

பூட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் ரக்ஷாவின் காலை அளந்தாள். ஆறரை. நேராக நின்றால் விரல் நுனி முன்னால் உரச வேண்டும், முட்டியை மடக்கினால் கொஞ்சம் பின்னால் வர வேண்டும், குதிகால் மட்டும் தூக்கவே கூடாது என்று சொன்னாள். "குதிகால் தூக்கினால் நீங்கள் திரும்பலாம், போர்டு திரும்பாது."

அவள் நகர்ந்ததும் ஜெயபிரகாஷ் தமிழுக்கு வந்தான்.

"ஆறரை எடுத்தா அடுத்த வருஷம் தூக்கித்தான் போடணும். வளர்ற பொண்ணு. ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துடலாம்."

"அதுவும் சரிதான்" என்றாள் பிரீத்தி.

சரிதான் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. பள்ளிக்கூடப் பாவாடையை உள்ளே நாலு விரல் மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்ட வீடு அவளுடையது. அவனுடையதும். செருப்பு வாங்கினால் பின்னால் ஒரு கட்டைவிரல் போக இடம் இருக்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. குழந்தை வளரும் என்கிற நம்பிக்கையை முன்பணமாகக் கொடுத்து வைப்பது மாதிரி அது.

"என் தொட்டிலையும் இப்படித்தான் வாங்கியிருப்பார்" என்றாள் ரக்ஷா. "நான் இன்னமும் அதில் படுக்கலாம்."

"இந்த வருஷம் ரெண்டு சாக்ஸ் போட்டுக்க அம்மிணி. அடுத்த வருஷம் சரியா இருக்கும்."

எட்டரை எடுத்தார்கள். பூட் பெரியது என்பதால் பைண்டிங்கும், அதாவது காலைப் போர்டோடு சேர்த்துக் கட்டுகிற பட்டைகளும், ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு பட்டையின் பல்லையும் அவன் இழுத்துப் பார்த்தான். முந்நூறுக்குப் பன்னிரண்டு டாலர் குறைவாக முடிந்தது. அந்தப் பன்னிரண்டுக்கு மூன்று பேரும் பீட்சா சாப்பிட்டார்கள்.*

* இந்தக் கதையில் அவர்கள் சேர்ந்து சிரிக்கிற இடம் இது ஒன்றுதான். இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

4

பிரீத்தியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அவளை நல்லவளாக எழுதினால் பொய்யாகிறது, கெட்டவளாக எழுதினால் அதைவிடப் பெரிய பொய். அதனால் போனில் பேசியதை அப்படியே தருகிறேன்.

ஜனவரி, மூன்றாவது சனிக்கிழமை, காலை. அறுபதில் ஐம்பத்திரண்டாவது நாள். ரக்ஷா தோழி மானஸா, அவள் அம்மா ருக்மிணி குடும்பத்தோடு தாஹோ போயிருந்தாள். ஜெயபிரகாஷ் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான்.

"அம்மா, குதிகால் தூக்குது."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல் விடலாம்."

"சாக்ஸ் போட்டியா?"

"மூணு. இங்க பூட்டும் போர்டும் வாடகைக்குத் தர்றாங்க. மானஸா அம்மா பணம் கட்டறேன்னு சொல்றாங்க."

பிரீத்தி முன்னறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ருக்மிணி ஆன்ட்டி கிட்ட வாங்காதே. வேலை போனது அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ உன் கார்டு நம்பர் சொல்லு."

"கார்டுல போட்டா அப்பா போனுக்கு மெசேஜ் போகும்."

"போகட்டுமே?"

கடைக்காரப் பெண் பாராட்டியபோது சிவந்த அந்தக் காதுகள் பிரீத்தியின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"வேண்டாம். இன்னும் இறுக்கிக் கட்டு. அப்பா கிட்ட சொல்லாதே. அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கார், மனசு விட்டுப் போயிடும். திங்கட்கிழமை இன்டர்வியூ."

"இறுக்கினா கால் மரத்துப் போகுதும்மா."

"ஒரு நாள்தானே."

[இந்த 'ஒரு நாள்தானே'வை நாலு தடவை எடுத்துவிட்டேன். திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.]

5

பதினொன்றரை மணிக்கு, இறக்கத்தின் இடப்பக்கம் மரங்கள் நெருங்குகிற இடத்தில் அவள் உடம்பைத் திருப்பியபோது, போர்டு ஒரு நொடி

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

பூட்டினால்தான் ஆனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தரை இறுகிக் கண்ணாடி மாதிரி கிடந்ததாம், சரியான பூட் போட்டவர்களும் விழுந்திருக்கிறார்கள். காரணம் ஒன்றா, இரண்டா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிகிற கதையாக இருந்தால் நான் ஏன் இப்படி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே அசைவு, உணர்வு எதுவும் திரும்பி வராது என்றார்கள்.

அவள் கண் விழித்ததும் ஜெயபிரகாஷ் கேட்டான். "எப்படி ஆச்சு அம்மிணி?"

"ஐஸ், அப்பா. நான் ரொம்ப வேகமாகப் போயிட்டேன்."

சொல்லும்போது அவள் பார்த்தது அம்மாவை. 'சொல்லாதே' என்றாயே, சொல்லவில்லை, போதுமா? பார்வை அப்படிக் கேட்டதா, பிரீத்திக்கு அப்படிக் கேட்டதா?

திங்கட்கிழமை இன்டர்வியூவை அவன் ஆஸ்பத்திரி நடைவழியிலிருந்து, லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு கொடுத்தான். முதல் கேள்வியே, கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து என்று அவன் கேட்டதுதான். வேலை கிடைத்தது.

6

சொல்கிறேன் என்றேன் அல்லவா.

கடையில் அந்தப் பெண் குரல் "அதுவும் சரிதான்" என்று சொல்லவே இல்லை. அவள், "கடைக்காரங்க குதிகால் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேங்க" என்றாள். அந்த மனிதர் அலமாரியைச் சுற்றி வந்தார். தமிழ் முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் என்னிடமே நியாயம் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. வளர்ற பொண்ணு. பெருசா எடுக்கறதுல என்ன தப்பு?"

நான் சொன்னேன்: "வளர்ற பொண்ணுதானே, எடுங்க."

ஸ்னோபோர்டு என்றால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது எனக்கு. அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, பெரியவளை எதிர்த்துப் பேசக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டாள். அவர்கள் பணம் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் மகளுக்கு என்ன ஆயிற்றோ எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது எட்டரை சரியாக இருக்கும், எங்கேயோ குதித்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

7

பதினோரு மாதம் கழித்து. மறுபடி டிசம்பர். கறுப்புப் போர்டு காராஜ் சுவரில் சாத்தியிருக்கிறது, அதன் கீழே அந்த பூட். ரக்ஷாவின் சக்கர நாற்காலிக்காக உள்வாசலில் போடப்போகிற சரிவுப் பலகைக்கு இடம் பண்ண காராஜை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை யாருக்காவது குடுத்துடலாங்க" என்றாள் பிரீத்தி.

"இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எதுக்கோ. இருக்கட்டும் பிரீத்தி."

பிரீத்திக்குத் தொண்டை வரை வந்து நிற்கிறது. பதினோரு மாதமாக வந்து நிற்கிறது. அன்றைக்குக் காலையில் போன் வந்தது, வாடகைக்குக் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன். மூன்றே வாக்கியம். சொன்னால், தன் கையால் வாங்கின பூட்டை அவன் வாழ்நாள் முழுக்கச் சுமப்பான். சொல்லாவிட்டால் இவளும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கமாக அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிவு அ: அவள் சொல்கிறாள். அவன், "தெரியும், ருக்மிணி அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்கிறான்.

அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் அடிக்கிறேன். எல்லோரையும் ஒரே வரியில் மன்னித்துவிடுகிற முடிவு.

முடிவு ஆ: அவள் சொல்லவில்லை. போர்டு காராஜிலேயே இருக்கிறது. வருஷங்கள்

இதையும் விடுகிறேன். எனக்கு வேறு ஒன்று கேட்டது.

நாற்காலி உருளுகிற சத்தம். ரக்ஷா காராஜ் வாசலுக்கு வந்திருக்கிறாள்.

"அந்த பூட்டைக் கொடுங்க."

இரண்டு பேரும் அசையவில்லை. அவளே குனிந்து எடுக்கப் பார்க்கிறாள், எட்டவில்லை. ஜெயபிரகாஷ் எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, நாற்காலியின் கால்பலகை மேல் வைக்கிறான். அவள் வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் பூட்டுக்குள் இறக்குகிறாள். ஒரு பொருளை உறைக்குள் போடுவது மாதிரி. கயிற்றை இறுக்குகிறாள். குதிகால் பக்கம் விரலை நுழைத்துப் பார்க்கிறாள். நுழையவில்லை.

கால் வளர்ந்திருக்கலாம். நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிற கால், வீங்கியும் இருக்கலாம். விரல் நுனி முன்னால் உரசுகிறதா என்று அவளுக்குத் தெரியாது. நேராக நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று கடைக்காரப் பெண் சொன்னாளே.

ரக்ஷா நிமிர்ந்து பார்க்கிறாள். இந்தக் கதையில் முதல் தடவையாக, நான் தமிழாக்க வேண்டிய அவசியம் இல்லாமல், முழு வாக்கியத்தையும் தமிழிலேயே சொல்கிறாள்:

"இப்ப சரியா இருக்குப்பா."

8

சொல் எனக்குக் கேட்டது. குரல் கேட்கவில்லை. அப்பாவைத் தேற்றச் சொன்னாளா, அவன் நெஞ்சில் குத்தச் சொன்னாளா, அம்மாவுக்குச் சொன்னாளா, அல்லது வெறுமனே ஒரு பதின்மூன்று பதினான்கு வயசுப் பெண் அளவு பார்த்துச் சொன்னாளா? எத்தனையோ தடவை காது கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயில் எந்தக் குரலில் வருகிறதோ, அவள் அந்தக் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிரீத்தியின் முகத்தைப் பாருங்கள். அவள் ஜெயபிரகாஷ் பக்கம் திரும்புகிறாள், உதடு பிரிகிறது. சொல்லட்டுமா, வேண்டாமா என்று நம் எல்லோரையும் சேர்த்துத்தான் பார்க்கிறாள்.

என்னைக் கேட்காதீர்கள். ஒரு தடவை கேட்டார்கள், சொன்னேன்.