லாதிரின் காது

நீமா பாஜிக்கு அது முதல் ஓட்டு. ஆனால் அந்தச் சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு வாரமாகவே சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் அந்த ரேடியோ ரிப்பேர்க்கார லாதிர் ஃபாய் கிளப்பிவிட்ட பேச்சால் வந்த வினை.

காம்பியாவில் ஓட்டுப் போடச் சீட்டு கிடையாது. கையில் ஒரு கோலிக்குண்டு கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் போய், வேட்பாளர் படம் ஒட்டிய டிரம்களில் எது பிடிக்கிறதோ அதன் குழாயில் போட வேண்டும். விழுந்ததும் உள்ளே இருக்கும் மணி ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் யாரோ கள்ளக் குண்டு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காகத்தான் மணி, வேறு எதற்கும் இல்லை. ஆனால் லாதிர் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தான்?

"டிரம்மு மூணு, மணி மூணு, குரலும் மூணு. டிரம்மு வந்து இறங்கின அன்னைக்கே கேட்டு வெச்சுட்டேன். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியில உக்காந்துக்கிட்டே சொல்லிடுவேன், யாரு குண்டு எங்க விழுந்துச்சுன்னு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்துவிட்டுப் போயிருக்கும். லாதிரின் காது அப்படிப்பட்டது. சாலை வளைவில் வரும்போதே அது யாருடைய மோட்டார் சைக்கிள் என்று சொல்லிவிடுவான். ரேடியோவைத் திறக்காமலே, இரைச்சலைக் கேட்டு எந்தக் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்பான். அந்தக் காதைத்தான் கவுன்சிலர் அன்சுமானா சன்யாங் கைக்குள் போட்டுக்கொண்டார்.

கவுன்சிலர் யாரையும் மிரட்டவில்லை. அவருக்கு எதற்கு மிரட்டல்? ஆற்றோரச் சதுப்பில் இருக்கும் நெல்வயல் முக்கால்வாசி அவர் குடும்பத்துக்குச் சொந்தம். ஊர்ப் பெண்கள் அவர் தயவில் ஆளுக்கொரு துண்டு பயிர் செய்கிறார்கள். தேர்தலுக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் போய், "மழை வரப்போகுதே, விதைநெல் எடுத்து வெச்சுட்டியாம்மா?" என்று மட்டும் விசாரித்தார். கூடவே லாதிர் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தான். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

எதிர்த்து நின்றவள் மருத்துவச்சி ஐசாத்து. வயலுக்குள் உப்புத்தண்ணீர் ஏறாமல் கரை கட்டுவதாகக் கவுன்சிலர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டிக் காட்டுகிறேன் என்று இவள் கிளம்பினாள். மூன்றாவதாக ஒருவரும் நின்றார். அவர் பெயர் அவர் வீட்டிலேயே மறந்துபோயிருக்கும். ஊர் இளவட்டங்கள் அத்தனை பேரும் மருத்துவச்சி பக்கம். நீமா அவளுக்குப் பூத் ஏஜென்ட்.

நீமாவின் அம்மா சிரேவுக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. "உனக்கு ஜனநாயகம் வேணும்னா அதை வேக வெச்சு உன் தம்பிக்குப் போடு. எனக்கு வயல் வேணும்" என்றாள் ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அவன் சும்மா கதை அளக்கறான்மா. மணிச் சத்தத்துல யாராவது ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?"

"அவன் முடியும்னு சொன்னது எதுடி முடியாமப் போச்சு?"

அதைக் கேட்டுத்தான் நீமா ஒரு காரியத்தில் இறங்கினாள். நாலு பேர் முன்னால் அவன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். சிரேயும் நின்றாள். வகுப்பறைக்குள் தலைமை அதிகாரி துரே, டிரம்களைக் கவிழ்த்து காலி என்று ஏஜென்ட்களுக்குக் காட்டினார். நீமா எழுந்து, "சார், மணி மூணும் அடிக்குதான்னு பார்க்கணும். அது எங்க உரிமை" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் அதோடு விடாமல் ஜன்னல் வழியே எட்டிக் கத்தினாள்.

"ஏ லாதிர்! எங்க வீட்டு அடிமையே! அந்தப் பெரிய காதைத் தூக்கிக்கிட்டு வந்து சுவர்ப்பக்கம் உக்காரு. எந்த டிரம்முன்னு சொல்லு பார்க்கலாம்!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. லாதிர் செரேர் இனம், நீமா ஜோலா. இந்த இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. வயசு வித்தியாசம் பார்க்காமல் அடிமை என்று கூப்பிடலாம், சோத்துமூட்டை என்று வையலாம்; கோபம் வரக் கூடாது. அதைவிட முக்கியம், பத்துப் பேர் முன்னால் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் மற்றவர் மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

"எஜமானனுக்கே பரீட்சை வைக்கிறியா, சோறுதின்னி ஜோலா?" என்று லாதிர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சுவரோரம் குந்தினான். "போடு, போடு."

நீமா திரைக்குப் பின்னால் போய் ஒரு குண்டைப் போட்டாள். மணி அடித்தது.

"மருத்துவச்சி!"

சரி. குருட்டாம்போக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றில் போட்டாள்.

"பேரு தெரியாத மூணாவது ஆளு!"

அதுவும் சரி. ஏமாற்றுவதற்காக மறுபடி மருத்துவச்சி டிரம்மிலேயே போட்டாள், உடனே கவுன்சிலருடையதில் போட்டாள். லாதிர் இரண்டையும் பிசகாமல் சொன்னான். சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் வெளியே எட்டிப் பார்த்தபோது வரிசை கலைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாக வீட்டைப் பார்த்து நடந்தாள். சிரே மட்டும் நின்று மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"கெடுத்தியே குடியை" என்றாள்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டாள்! வதந்தியாக இருந்ததை அவளே நிரூபித்துக் கொடுத்துவிட்டாள். சோதனைக் குண்டுகளை வெளியே கொட்டிக்கொண்டிருந்த அதிகாரியிடம் ஓடினாள். "சார், மணியை மாத்துங்க."

"வேற மணிக்கு எங்கம்மா போறது? உள்ள உக்கார்றவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. வெளியில ஒருத்தன் காது நல்லா இருந்தா அதுக்குச் சட்டம் என்ன பண்ணும்?"

அவள் வாசலுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் மாமரத்தடியில் கவுன்சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாதிர் சுவரோரம் வசதியாகச் சாய்ந்துவிட்டான். இனி நாள் முழுக்க அங்கேதான். வயிறு எரிந்தது நீமாவுக்கு. எரிச்சலில் அவன் வயிற்றைப் பார்த்தாள். பார்த்ததும் புத்தியில் தட்டியது.

"லாதிர்!" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டாள். "ஜெயிச்சுட்ட. ஒத்துக்கறேன். ஜோலா பொண்ணு கேக்கறேன், தட்டாம வா. எங்க வீட்டுல இன்னைக்கு உனக்கு விருந்து. இப்பவே."

லாதிரின் முகம் மாறியது. "இப்பவா? ஓட்டு முடியட்டும், ராத்திரி..."

"இப்பவே. நிலக்கடலைக் குழம்பு, மீனு, எங்க வயல்ல விளைஞ்ச அரிசி. வர மாட்டேன்னு இத்தனை பேரு முன்னால சொல்லு, கேட்டுக்கறேன்."

கலைந்துபோன பெண்கள் நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு கிழவி, "செரேருக்குச் சோறுன்னா கசக்குதா? உலகம் அழியப்போகுது!" என்று கூவ, பழையபடி சிரிப்பு கிளம்பியது. லாதிர் கவுன்சிலரைப் பார்த்தான். கவுன்சிலர் தலையை அசைத்தார், போகாதே என்று. லாதிர் தலையைச் சொறிந்தான். கவுன்சிலர் வருவார், போவார். ஜோலா கேட்டு இல்லை என்ற செரேர் என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு அவன் எந்தக் கல்யாண வீட்டு வாசலை மிதிப்பது?

"வந்து தொலையறேன்" என்று எழுந்தான். "மீனு பெருசா இருக்கணும்."

நீமாவின் வீடு ஊரின் மறு கோடியில், சதுப்பை ஒட்டி. அங்கிருந்து பள்ளிக்கூட மணி என்ன, இடி விழுந்தால்கூடக் கேட்காது. சிரே வரிசையை விட்டு அடுப்பு மூட்டப் போனாள். நீமாவின் கூட்டாளி யூஸ்ஃபா, இளவட்டச் சங்கத் தலைவன், லாதிரின் தோளில் கை போட்டு மாப்பிள்ளையை அழைத்துப்போவதுபோல அழைத்துப் போனான். வரிசை மறுபடி நீண்டது. நீமா முதல் ஆளாக விரலில் மை வைத்துக்கொண்டு தன் குண்டைப் போட்டாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஏஜென்ட் வேலை சின்ன வேலை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மணியைக் கேட்க வேண்டும். ஒரு ஆள், ஒரு மணி. அவ்வளவுதான். வெயில் ஏறியது, வரிசை நகர்ந்தது, மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியபோது நீமாவுக்கு ஏதோ உறுத்தியது. சற்று முன் போட்ட கிழவர் கவுன்சிலருக்குப் போட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும்? அடுத்து ஒருத்தி போனாள். மருத்துவச்சி. அடுத்தவன், கவுன்சிலர்.

மருத்துவச்சியின் மணி கொஞ்சம் இழுத்து அடங்கியது. கவுன்சிலருடையது வெட்டினாற்போல் நின்றது. காலையில் அவளே தன் கையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள் இல்லையா, அப்போதே காது படித்துவிட்டிருக்கிறது. கடவுளே! கேட்காமல் இருக்கலாம் என்றால் கேட்பதுதான் வேலை. மனசுக்குள் பாட்டுப் பாடிப் பார்த்தாள். மேஜையைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஏஜென்ட், சத்தம் போடாதீங்க. மணி கேக்கணும்" என்றார் துரே.

நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பால்ய சிநேகிதி யாருக்குப் போட்டாள், பள்ளிக்கூட வாத்தியார் யாருக்குப் போட்டார், எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து விழுந்தது. ஐசாத்துவுக்காகத் தொண்டை கிழியக் கோஷம் போட்டவன் ஒருவன் கவுன்சிலருக்குப் போட்டுவிட்டு, அவளைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டு போனான்.

கதவு மூடும் நேரத்துக்குச் சிரே வந்தாள். கையெல்லாம் வெங்காய வாசம். வாசலில் நின்றவளிடம், "அந்த அடிமை ரெண்டு தட்டை முடிச்சுட்டுக் குறட்டை விடறான்" என்று சொல்வது உள்ளே கேட்டது. மை வைத்துக்கொண்டாள், குண்டை வாங்கினாள், மகளைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போனாள். நீமா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. வெட்டினாற்போல் நின்றது.

நீமாவுக்கு முகம் சுட்டது. யாருக்காக இத்தனை பாடு? இந்த அம்மா பயமில்லாமல் போடட்டும் என்றுதானே காலையிலிருந்து நாய் பாடு பட்டாள்! லாதிர் இல்லை, கேட்க ஒரு ஆள் இல்லை, அப்படியுமா?

"ஏஜென்ட், ஒரு மணிதானே?" என்றார் துரே.

"ஒண்ணுதான் சார்."

சாயங்காலம் அங்கேயே குண்டுகளைக் குழிப்பலகையில் நிரப்பி எண்ணினார்கள். கவுன்சிலர்தான் ஜெயித்தார், கொஞ்ச வித்தியாசத்தில். வீட்டில் சிரே மீதிக் குழம்பை ஊற்றிச் சோறு வைத்தாள். கேள்வி நீமாவின் தொண்டை வரை வந்தது. பயமா? இல்லை, ஐசாத்துவைப் பிடிக்கவில்லையா? இல்லை, மனசார அவர்தான் வேண்டும் என்று போட்டாளா?

"என்னடி அப்படிப் பார்க்கற?"

"ஒண்ணுமில்ல. உப்பு சரியா இருக்கு."

மறுநாள் காலையில் இளவட்டங்கள் முருங்கை மரத்தடியில் பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்துக்கொண்டு எழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். நீமா வந்ததும் யூஸ்ஃபா எழுந்தான்.

"நாமதான் வருஷா வருஷம் இந்தப் பொம்பளைங்க வயலையெல்லாம் கொத்திக் கொடுக்கறோம், ஒரு காசு வாங்காம. இந்த வருஷம் ஒரு முடிவு எடுத்தாச்சு. கவுன்சிலருக்குப் போட்டவங்க வயல்ல ஒரு மண்வெட்டி இறங்காது. அவரே வந்து கொத்தட்டும்."

"யாரு போட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்." அவன் அவள் பக்கத்தில் குனிந்தான். "நேத்து பூத்துல நீ நெளிஞ்சதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் உன் மூஞ்சி மாறுச்சு. உனக்கும் காது திறந்துடுச்சு, இல்ல?"

நீமா தேநீர் அடுப்பில் ஒரு கரியைத் தள்ளிவைத்தாள்.

"வெளியாளா நாங்க? பேரை மட்டும் சொல்லு. நம்ம ஊரு நல்லதுக்குத்தானே!"

நல்லதுக்குத்தான். கவுன்சிலரும் அதைத்தான் சொல்வார். அவர் வயலைப் பிடுங்குவேன் என்று சொல்லாமல் சொன்னார், இவன் வயலைக் கொத்த மாட்டேன் என்கிறான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவள் அதே அம்மாதான், அதே துண்டு நிலம்தான். நீமாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"டேய், அப்புறம் எதுக்குடா லாதிரை நேத்து விருந்துக்குக் கூட்டிட்டுப் போனோம்? அவன் காதை மூடிட்டு என் காதை வாடகைக்கு எடுக்கவா?"

"பெரிய வசனம் பேசாத. சொல்லப்போறியா, இல்லையா?"

"மணி ஆளுக்கு ஒரு தடவை அடிச்சுது. அதை எண்ணத்தான் என்னை உக்கார வெச்சீங்க. எண்ணிட்டேன்."

"அப்ப உங்கம்மாவும் அந்தப் பக்கம்தான். அதான் வாயைத் திறக்க மாட்டேங்கற."

சுற்றிலும் எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் வயல் தப்பிக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், அடுத்த பெயரைக் கேட்பான். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

"எங்கம்மாவை விடு" என்றாள் நீமா. "நான் போட்டேன் கவுன்சிலருக்கு. எங்க வயல்லேருந்தே ஆரம்பி."

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது, எடுக்க ஆளில்லை. யூஸ்ஃபா அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பொய் சொல்ற."

"இருக்கலாம்."

"நீமா, நெசமா நீ யாருக்குப் போட்ட?"

"போய் லாதிரைக் கேளு" என்று சொல்லிவிட்டு, அவள் மரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுப்பை நோக்கி நடந்தாள்.