சவினியன் சட்டப்படி செத்த வருடம்

என் கணவர் எத்ம் வெரோலோ, செந்த் மாத்தி ஊரின் வக்கீல். பத்தொன்பது வருடமாக ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஷாம்பாஞ் பகுதியின் பழைய வழக்கச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: தாய் பிரபு குலத்தில் பிறந்தவளாக இருந்தால், தகப்பன் யாராயிருந்தாலும் பிள்ளைகள் பிரபுக்கள். மற்ற இடங்களில் தகப்பன் வழிதான். எங்களிடம் வயிற்று வழி. அந்த ஒரு வரிக்கு அறுநூறு பக்கம் எழுதியிருந்தார். ஆனால் அப்படிப் பிறந்த, உயிரோடிருக்கிற ஆள் ஒருவர்கூட அவர் கண்ணில் படவில்லை. "உங்கள் சட்டம் செத்துவிட்டது, புதைத்துவிடுங்கள்" என்று பாரிஸ் வக்கீல்கள் கடிதம் எழுதுவார்கள். கடிதம் வந்த நாளில் மனுஷர் சூப்பைத் தொடமாட்டார்.

1754 மார்ச்சில், இறந்துபோன நோட்டரி ஒருவரின் பெட்டியைக் கிளறியபோது ஒரு கல்யாண ஒப்பந்தம் அகப்பட்டது. படித்துவிட்டு, தொப்பிகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

அவர் போய் நின்ற இடம் எதிர்ச்சாரியில் சவினியன் கோஷுவாவின் கடை. பன்றிக்குடலில் இறைச்சி அடைத்து சாசேஜ் செய்து விற்கிறவன். கைகளை முழங்கை வரை தொட்டியில் விட்டுக் குடல் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கொலோம்ப் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சவினியன்! உன் பொண்டாட்டியோட அப்பா யாரு?"

"ஊர்க்கோடியில முயல் வளத்தாரே, அந்தக் கிழவர்தான். ஏன் வக்கீலய்யா, கடன் கிடன் வச்சிட்டுப் போயிட்டாரா?"

"அவர் வோப்ரெசே வம்சம்யா! நானூறு வருஷத்துப் பிரபு. உன் பிள்ளைங்க நாலு பேரும் பிரபுக்கள்!"

சவினியன் கையை உதறினான். "அப்போ நான்?"

"நீ இல்ல."

"இவ?"

"சாதாரண ஆளைக் கட்டிக்கிட்டதால அவங்க பிரபுத்துவம் நின்னுபோச்சு. நீ உயிரோட இருக்கிற வரைக்கும் திரும்பாது."

கொலோம்ப் கத்தியை நிறுத்தினாள். "இவர் போயிட்டா?"

"அன்னிக்கே உங்களுக்குத் திரும்பிடும் அம்மா."

அவள் புருஷனைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். "சளி பிடிச்சாக்கூட மூணு நாள்ல எழுந்து உக்காந்துடுவாரு இவரு" என்று என்னிடம் சொன்னாள்.

வழக்கு நடந்தது. பிள்ளைகள் பிரபுக்கள்தான் என்று தீர்ப்பும் வந்தது. தேவாலயத்தில் நாலு பேருக்கும் முன்வரிசை. சவினியன் தூணுக்குப் பின்னால். பெரியவன் ஃபிதோலுக்கு வயது பத்தொன்பது. மறுநாளே குடல் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"பிரபு கைத்தொழில் பண்ணினா பிரபுத்துவம் போயிடும்பா. புஸ்தகத்துல பதினோராம் அத்தியாயம்."

சவினியன் அகப்பையை ஓங்கினான். ஓங்கிய கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"வக்கீலய்யா, பிரபுவை அடிக்கலாமா?"

இவர் அரைமணி நேரம் யோசித்தார். "அப்பனா அடிக்கலாம். கடைக்காரனா அடிக்கக் கூடாது. கடை மேலங்கியைக் கழட்டி வச்சிட்டு அடி."

அப்படியே அடித்தான்.

ஆனால் வரி விஷயம் அகப்பையால் தீரவில்லை. பிரபுக்களுக்கு வரி கிடையாது. வீட்டில் மனைவிக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டிய ஒரே ஜீவன் சவினியன். பிள்ளைகள் தலைக்கு விதித்திருந்ததையும் அதிகாரி அவன் தலையிலேயே ஏற்றிவிட்டார். கடையைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவிடலாம் என்றால், பிரபு தன் நிலத்தில் விளைந்ததை மட்டும்தான் விற்கலாம். சாசேஜும் விளைச்சல்தான் என்று என் கணவர் வாதாடினார்.

"பன்றிக்குள்ளயும் குடல் இருக்கு, இறைச்சி இருக்கு. இவன் ரெண்டையும் இடம்தானே மாத்துறான்?"

நீதிபதி சாட்சிப் பொருளைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார், முகர்ந்தார், முழுவதையும் தின்றார். உதட்டில் ஒட்டிய கடுகு விழுதைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு ருசி இயற்கையில் விளையாது, இது கைத்தொழில்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

சவினியன் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். "அய்யா, உயிரோட இருக்கிறதுதானே எனக்குத் தொந்தரவு?"

இவர் கண் பளிச்சிட்டது.

சட்டத்தில் சாவு இரண்டு வகை. துறவறம் பூண்டு மடத்தில் சேருகிறவன் உலகத்துக்கு இறந்தவன். அவனுக்குச் சொத்தும் இல்லை, வரியும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த மடத்தின் தலைவருக்கு சாசேஜ் என்றால் உயிர். மறுவருடம் மே மாதத்தில், கொலோம்பின் சம்மதக் கடிதத்தோடு, சவினியன் துறவியானான். மடத்து அடுப்பு சிறியதாம். அதனால் செத்தவன் தன் பழைய கடையிலேயே வேலை செய்யலாம், அங்கேயே படுத்தும் கொள்ளலாம் என்று மடத்தலைவர் அனுமதி கொடுத்தார். கொலோம்ப் விதவை, ஆகவே பிரபு. வரி அதிகாரி வந்தபோது அவளே வாசலில் நின்றாள்.

"யார் கடை இது?"

"செத்துப்போன என் வீட்டுக்காரரோடது."

"அங்க குடல் கழுவுறது யாரு?"

"அவர்தான்."

அதிகாரி குறிப்பேட்டை மூடிவிட்டுப் போனார். சவினியன் அந்தக் கோடைகாலம் முழுவதும் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். செத்தபிறகு ஒரு சுற்றுப் பெருத்தும்விட்டான்.

அடுத்த பிப்ரவரியில் கொலோம்ப் என் சமையலறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு மூணு மாசம்."

"யாரோட..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாரோடதா? அந்தப் பொணத்தோடதுதான்!"

பக்கத்து அறையில் இறகுப்பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் கணவர் ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"அப்பன் செத்து ஒன்பது மாசம் ஆச்சு. பிறக்கும்போது பதினஞ்சாயிடும். சட்டப்படி இந்தப் பிள்ளைக்கு அப்பனே கிடையாது. வெறும் வயிறு! சுத்தமான வயிற்றுப் பிரபு! இதைவிட நல்ல உதாரணம் உலகத்துல பிறக்கப்போறதில்ல!"

கொலோம்ப் எழுந்து போய்விட்டாள். அவர் இரவு பகலாக இருபத்திரண்டு பக்கம் எழுதினார். மூன்றாம் நாள் சவினியன் வந்தான். துறவி அங்கி, அதன்மேல் கடை மேலங்கி. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"என் பிள்ளைக்கு அப்பன் இல்லன்னு அச்சடிக்கப் போறீங்களாம்."

"சட்டப்படி மட்டும்தான்யா..."

"தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? தச்சன் பேரைச் சொல்றான் ஒருத்தன், மடத்தலைவர் பேரைச் சொல்றான் இன்னொருத்தன். நாலு பிள்ளைங்களும் முன்வரிசையில இருக்க, நான் தூணுக்குப் பின்னால நின்னேன், ஒண்ணும் சொல்லல. செத்துப்போன்னீங்க, செத்தேன். இது என் பிள்ளைய்யா. என்னை எழுப்பி விடுங்க."

என் கணவர் இறகுப்பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் பேசினேன். "என்னங்க, மூணு நாளா அந்தப் பொண்ணு எதிர்த்தாப்ல வாந்தியெடுத்துட்டு இருக்கா. நீங்க ஜன்னல் வழியா பாத்து பாத்து எழுதுறீங்க. நல்லாவா இருக்கு?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். துறவறத்துக்குக் கொலோம்ப் கொடுத்த சம்மதக் கடிதம்.

"இதுல கையெழுத்து 'விதவை கொலோம்ப்'னு இருக்கு. கையெழுத்துப் போட்டப்ப இவன் இன்னும் சாகல. மனைவியாத்தான் போட்டிருக்கணும். சம்மதம் செல்லாது. சம்மதம் செல்லாட்டி துறவறமும் செல்லாது. சவினியன், நீ ஒரு நாள்கூட சாகவே இல்ல."

"இதை எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்றான் சவினியன்.

"கையெழுத்து வாங்கும்போதே" என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "புஸ்தகத்துக்கு நல்லாயிருக்கும்னு விட்டுட்டேன்."

சவினியன் அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் துறவி அங்கியைக் கழற்றி, எங்கள் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, சட்டையோடு வீட்டுக்கு நடந்தான். வாசலில் நின்றிருந்த கொலோம்ப் அவன் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சாகாத காலத்துக்கான வரியெல்லாம் மொத்தமாக வந்தது. அதைக் கட்ட மூன்று பன்றிகள் போயின. ஃபிதோல் இரண்டு வாரம் முன்வரிசையில் முறைப்போடு உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு சந்தை நாளில் அவனாகவே கடைப்பலகைக்குப் பின்னால் வந்து நின்று, கூவி விற்க ஆரம்பித்தான். அவன் பிரபுத்துவம் அந்தக் கூவலோடு போயிற்று. இருபத்திரண்டு பக்கங்களை என் கணவர் தன் கையாலேயே அடுப்பில் போட்டார். ஒவ்வொன்றையும் போடுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

ஆகஸ்டில் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் பதிவேட்டைத் திறந்து, தகப்பன் பெயர், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். சவினியன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"சாமி, 'உயிரோட இருக்கான்'னும் சேத்து எழுதுங்க."

"அதெல்லாம் எழுதுற வழக்கமில்லப்பா."

"பரவால்ல, எழுதுங்க."

பாதிரியார் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "எழுதலாம் சாமி. சட்டத்துல தடையில்ல" என்றார் இவர். பாதிரியார் பேனாவை மையில் தோய்த்தார்.