பூட்டு மூடி

பூக்கடைக்காரர் சடையாண்டி, சுந்தரம்மாள் கொண்டுவந்த கூடையின் ஈரத்துணியை விலக்கி, ஒரு கை மல்லிகை மொக்கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். அதை அப்படியே கூடைக்குள் போட்டுவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் கூச்சலுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவர் அடுத்துச் சொன்னது சுந்தரம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏத்தா, இதைக் கட்டிப் போட்டா சாமியே மூக்கப் பொத்திக்கிரும். பெட்ரோல் வாடை அடிக்குது. எடுத்துட்டுப் போ."

போன வாரமும் இதையேதான் சொன்னார். அப்போது அவள் நம்பவில்லை. விலையைக் குறைக்கப் பேசுகிறார் என்று நினைத்தாள். அப்புறம் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தண்ணீர் பாய்ச்சியதில் தப்பா, உரத்தில் தப்பா என்று தோட்டத்துக்குள் குழம்பிக் குழம்பி நடந்தாள். இப்போது அவளே ஒரு மொக்கை எடுத்து முகர்ந்து பார்த்தாள். வாடை அடிக்கத்தான் செய்தது.

அவள் புருஷன் சின்னக்கண்ணு தென்னையிலிருந்து விழுந்து கால் முறிந்து கட்டிலோடு கிடந்தான். கட்டுப் போட்டும் கால் ஊன்ற வரவில்லை என்பதைவிட, அவன் ஊன்றிப் பார்க்கவே மறுத்ததுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் அன்றைக்குப் பூராவும் அந்தச் சுவர்தான். அவனுடைய அண்ணன் தங்கமுத்து சேவுகம்பட்டி பூராவும் கேட்கிற மாதிரி பேசினார். பொம்பளை கூடையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போய் யாவாரம் பார்ப்பதா, தோட்டத்தைத் தன்னிடம் விட்டால் தம்பி எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். விட்டால் திரும்பி வராது என்று சுந்தரம்மாளுக்குத் தெரியும். இந்தப் பருவத்துப் பூவை மட்டும் ஒழுங்காக விற்றுக் காட்டிவிட்டால் அவர் வாய் அடங்கும். அதற்குத்தான் வெயிலுக்கு முன்னால் சந்தை சேரும் அக்பர் அலியின் வேனில் கூடையை ஏற்றினாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக வேனிடம் போனாள். அக்பர் அலி இறங்கிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டியை வாங்கி, கூடு கட்டி, வத்தலக்குண்டு ரோட்டில் காய்கறியும் பூவும் ஏற்றுபவர்.

"பாய், உங்க வண்டில பெட்ரோல் ஒழுகுது. என் பூவெல்லாம் நாறிப்போச்சு."

"என் வண்டிலயா? இருக்காது தங்கச்சி. அது பூட்டுப் போட்ட மூடி. சாவி என் இடுப்புலல்ல இருக்கு."

போன நோன்புக்கு முன்னால் லாரிப்பேட்டையில் யாரோ குழாய் விட்டு பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அதன் பிறகு மதுரைக்குப் போய், பழைய சாமான் கடையில் தேடி வாங்கிய மூடி அது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் அவள் முன்னால் உட்காராமல் கூடைகளுக்கு நடுவே பின்னால் ஏறிக்கொண்டாள். அந்த வண்டியில் பெட்ரோல் ஊற்றுகிற வாய், கூட்டுக்குள்ளேயே இடப்பக்கத் தகட்டை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. செம்பட்டிக்கு முந்தின வளைவில் வண்டி சாய்ந்தபோது, பூட்டிய மூடியின் விளிம்பிலிருந்து சளக்கென்று ஒரு சிதறல் வந்து அவள் முந்தானையை நனைத்தது. திண்டுக்கல்லில் இறங்கியதும் முந்தானையை அவரிடம் நீட்டினாள்.

அக்பர் அலி அதை முகர்ந்தார். இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார்.

அவர் மழுப்பவில்லை. சாமான் வைத்த இடம் மறந்துபோனவரைப் போல அவர் முகம் திகைத்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவர் பார் சோப்பைப் பிசைந்து மூடியைச் சுற்றிலும் அப்பிக்கொண்டு வந்தார். ஒழுகல் நின்றது. செம்பட்டி தாண்டியதும் வண்டியும் நின்றது. இன்ஜினைத் திறந்து பார்த்தார், குழாயை ஊதினார், எதுவும் சரிப்படவில்லை. வெயில் ஏறி, துணிக்கடியில் மொக்குகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாம் என்று அவர் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. சோப்பு அதையும் சேர்த்து அடைத்துவிட்டது. உள்ளே காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? அவர் தலையில் அடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து, அந்த நிலைமையிலும் சுந்தரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் கேட்கவில்லை. "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ தங்கச்சி. ஒன்னய இப்படியே அனுப்ப மனசு வரல" என்று பேகம்பூருக்குக் கூட்டிப் போனார்.

அவர் மனைவி ஜெய்தூன் பீவி சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு அக்பர் அலி மெதுவாகக் கேட்டார்: "ஜெய்தூன், எம்மேல பெட்ரோல் வாடை அடிக்குதா?"

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"உங்க சட்டைய மட்டும் தனி வாளியிலதான் ஊறப் போடுறேன். பிள்ளைக ஒங்க பக்கத்துல படுக்க மாட்டேங்குதுன்னு கோவிச்சுக்கிட்டீங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"மூடிய வாங்கிட்டு வந்த அன்னைக்கு, டக்கு டக்குன்னு பூட்டிப் பூட்டிக் காட்டினீங்க. அம்புட்டு சந்தோஷம். அதுல போயி எப்படிச் சொல்றது?"

அக்பர் அலி எழுந்து போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார். "வா, மூணு பேருமா பாப்போம்."

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பி, காய்ந்து, ஓரிடத்தில் வெடித்திருந்தது. சாவி திரும்பிச் சத்தம் போட்டதே தவிர, மூடி வாயோடு அழுந்தவில்லை. தொட்டி வாயின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்த ஜெய்தூன், "இந்தா, இங்க ஒரு மேடு" என்றாள். தன் கண்மையை எடுத்து வந்து விளிம்பில் மெல்லியதாகப் பூசினாள். ஒரு வட்டத் துணியை மூடிக்குள் வைத்து அமுக்கி எடுத்தார்கள். துணியில் மை பாதி வட்டம்தான் பதிந்திருந்தது. மீதிப் பாதியில் விளிம்பு படவேயில்லை; வெள்ளையாகவே இருந்தது.

தொட்டி வாய்க்குள் ஈரத்துணியைத் திணித்து, சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அக்பர் அலி அந்த மேட்டைத் தேய்த்தார். சுந்தரம்மாள் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். தேய்ப்பதும், மை பூசுவதும், அமுக்கிப் பார்ப்பதுமாக மத்தியானம் போனது. ஜெய்தூன் பிறந்தது தோல் பதனிடும் ஷாப்புக்காரர் குடும்பத்தில். வீட்டில் கிடந்த தோல் துண்டுகளில் தடிமன் சரியான ஒன்றைத் தேடி எடுத்து, வளையமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறப் போட்டாள்.

"பெட்ரோல் பட்டாலும் இந்த எண்ணெய் லேசுல போகாது. எங்க அத்தா பம்புக்கு வெட்டிக் குடுக்குறதப் பாத்திருக்கேன்" என்றாள்.

"பாத்தத இத்தன நாளா சொல்லலயே" என்றார் அக்பர் அலி.

"நீங்க கேக்கலயே."

சுந்தரம்மாள் குனிந்து சொம்பைப் பார்த்துக்கொண்டாள். அவளும் சின்னக்கண்ணுவிடம் எதையும் கேட்பதில்லை. நோகும் என்று தோட்டத்துப் பேச்சையே அவனிடம் எடுப்பதில்லை. எந்த வரிசையில் இலை பழுக்கிறது, எதற்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்மையிலிருந்து தோல் வளையம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "மேக்கால வரிசையில இலையெல்லாம் மஞ்சளாகுது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். அவன் அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

காலையில் அவள் மறுபடி வேனின் பின்னால் ஏறி, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஊறின தோல் வளையம் உள்ளே மெத்தென்று அழுந்தி உட்கார்ந்திருந்தது; துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருந்தார்கள். செம்பட்டி வளைவு வந்தது. கை நனையவில்லை. அக்பர் அலி வேண்டுமென்றே வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்டினார். "என்ன தங்கச்சி?" என்று முன்னாலிருந்து கத்தினார்.

"காஞ்சு கெடக்கு பாய்! கூடை சாயுது, ஒழுங்கா ஓட்டுங்க!"

சடையாண்டி பூவை முகர்ந்தார். கூடையின் அடிவரை கையை விட்டு அள்ளி இன்னொரு முறை முகர்ந்தார். தராசுக்காரனைக் கூப்பிட்டு, "இதப் போடுப்பா மொதல்ல" என்றதோடு சரி. அது போதும் அவளுக்கு.

ஊர் திரும்பியதும் வெறுங்கூடையோடு தோட்டத்துக்குப் போனாள். பாதையோரம் தங்கமுத்து யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். கூடையைப் பார்த்தார். மறுபடி பேச்சுக்குத் திரும்பிக்கொண்டார். நாளைக்கு ஏதாவது கேட்பார்.

வரப்பில் ஏறியவள் நின்றாள். ஈரம் காயாத மண்ணில், வீட்டுப் பக்கமிருந்து ஏதோ இழுபட்டு வந்த தடம் நீளமாகக் கிடந்தது. அதற்கு இருபுறமும் கை ஊன்றிய குழிகள். மேற்கு வரிசையில், கட்டுப் போட்ட காலை நேராக நீட்டி, மண்ணில் உட்கார்ந்திருந்தான் சின்னக்கண்ணு. பக்கத்தில் கிள்ளிப் போட்ட மஞ்சள் இலைகள் ஒரு கை அளவுக்கு. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டிய மட்டும் ஒரு செடியை முடித்துவிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அடுத்த செடிக்கு நகர்ந்துகொண்டிருந்தான்.