பதினோரு நிமிடக் கடல்

அந்த வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமையே சின்னவன் அதை வாங்கிவிட்டான். வாங்கிய கையோடு எக்ஸ்ரேக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: 'வந்துடுச்சு.'

இரண்டரை வருடத்தில் அதுதான் முதல் செய்தி. 'எப்படி இருக்கீங்க' என்று ஆரம்பித்து அழித்தான். 'மாமா' என்று ஆரம்பித்து அதையும் அழித்தான். அக்காவிடமிருந்து விவாகரத்து வாங்கிப் போன மனிதரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? பதில் வர நாலு மணி நேரம் ஆயிற்று. 'ஞாயிறு மூணு மணி' என்று மட்டும் இருந்தது.

சின்னவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. சனிக்கிழமை முழுக்க ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் அடிக்குழியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். 'நீங்க தனியா ஆடல, நானும் கூட ஆடினேன்னு அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்.' இவ்வளவுதான். ஆனால் நேருக்கு நேர் சொல்ல வாய் வராது. விளையாட்டில் வரும் படகில் என்றால் வரும் என்று நம்பினான்.

முதல் பாகத்தில் படகு ஒரு கழுத்தறுப்பு. தீவிலிருந்து தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு கடலும் பதினோரு நிமிடம். ஒருவர் துடுப்புப் போட வேண்டும், இன்னொருவர் தண்ணீர் இறைக்க வேண்டும். சண்டை கிடையாது, புதையல் கிடையாது, மீன்கூடத் துள்ளாது. கைக்கு வேலை உண்டு, கண்ணுக்கு இல்லை. அக்கா வீட்டு சோபாவில் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்து இருவரும் அந்தப் படகைத் திட்டாத நாள் இல்லை.

திட்டி முடித்ததும் பேச்சு வரும். வேறு வழி? பரீட்சையில் மூன்றாம் தடவை கோட்டை விட்டதைச் சின்னவன் அப்பாவிடம் சொல்லவில்லை, அந்தப் படகில்தான் சொன்னான். படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னதும் அங்கேதான். எக்ஸ்ரேக்காரரும் சொல்வார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததுமே நோய் என்னவென்று தனக்குத் தெரிந்துவிடும் என்பார். "டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும் மாப்ள. அந்த ஆளு சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டு, 'எல்லாம் நல்லா இருக்குதானே சார்'னு கேப்பான். நான் சுவத்தப் பாத்துக்கிட்டு, 'டாக்டர் சொல்லுவாரு'ன்னு சொல்லுவேன்." இருவரும் திரையைப் பார்த்தபடியேதான் பேசுவார்கள். முகத்தைப் பார்த்து இதையெல்லாம் எவன் பேசுவான்?

பிறகு ஒருநாள் அக்கா வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். பெரியப்பா சின்னவன் பக்கம் திரும்பினார். "இவரு எந்நேரமும் டிவி முன்னாடியே கெடக்குறாராமே. நீதான அடிக்கடி அங்க போற, சொல்லுடா."

"ஆமா," என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆடியது யார் என்று பெரியப்பா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எக்ஸ்ரேக்காரர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த 'ஆமா'வால்தான் கல்யாணம் முறிந்தது என்று சொன்னால் அக்கா சிரிப்பாள். அவளிடம் வேறு காரணங்கள் ஒரு கூடை இருந்தன, எல்லாமே நியாயமானவை. ஆனாலும் அந்தப் பார்வையைச் சின்னவனால் மறக்க முடியவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டினான்.

"தம்பி, கேக்குதா?"

முன்பெல்லாம் 'மாப்ள' என்பார்.

"கேக்குதுங்க."

"என்னடா படம் காட்டுறானுங்க! தண்ணியப் பாரு, கால் நனையுற மாதிரி இருக்கு."

சின்னவன் பழக்கதோஷத்தில் துறைமுகத்துக்கு ஓடினான். அங்கே யாரும் இல்லை. "எங்க இருக்கீங்க?"

"வடக்குத் தீவுல. மேப்பைத் தொறந்து இடத்த அமுக்கு, வந்துருவ."

அமுக்கினான். நாலு நொடி. வடக்குத் தீவில் நின்றான்.

"படகு?"

"அதான் எடுத்துட்டானுங்களே. நீதான கம்பெனிக்கு மூணு பக்கம் எழுதிப் போட்ட, படகுல உசுரு போகுதுன்னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எழுதியது உண்மை. ஊர் உலகத்தில் இந்த விளையாட்டை ஆடிய எல்லோரும் எழுதியது அதைத்தான். கம்பெனிக்காரன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். அடித்தார்கள், அள்ளினார்கள், அமுக்கினார்கள், அடுத்த தீவு. அரை மணி நேரத்தில் ஒன்பது தீவு ஆயிற்று. பேசியதெல்லாம் 'பின்னாடி பாரு', 'அத எடு', 'சாகாத' மட்டும்தான். எல்லாமே பழையதைவிட நன்றாக இருந்தது. வாயைத் திறக்கத்தான் இடம் இல்லை.

பத்தாவது தீவின் கரையில் ஒரு படகு கட்டியிருந்தது. அழகுக்காக விட்டுவைத்திருப்பார்கள்.

"ஒரு தடவை படகுல போலாமே."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"வேலை வெட்டி இல்லாதவன்டா நீ," என்று சிரித்தபடி ஏறினார். துடுப்பு இல்லை, படகு தானே ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மூலையில் நாற்பது நொடி என்று எண் இறங்க ஆரம்பித்தது.

"அன்னைக்குப் பெரியப்பா கேட்டப்ப..."

"தம்பி, இரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இங்க ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கட்டைக் குரல் கேட்டது. "யாரு மாமா அது?"

"தெரிஞ்ச பையன், மாப்ள."

அவருக்கு மறுபடி கல்யாணம் ஆன செய்தி சின்னவனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருப்பான் என்பது மட்டும் அவன் புத்திக்கு எட்டவே இல்லை. எண் பதினெட்டில் இருந்தது.

"கேட்டா கேக்கட்டும்," என்றான். "நீங்க தனியா ஆடல. நானும் கூட ஆடினேன். அன்னைக்கே அத்தனை பேர் முன்னாடியும் நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

பன்னிரண்டு. பதினொன்று.

"அதையா இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியுற?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு நான்..."

படகு கரையில் முட்டியது. முரசும் எக்காளமும் காதைப் பிளந்தன. மலையிலிருந்து ஏதோ ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கியது.

"இடது பக்கம்டா! அடி, அடி!"

அடித்தான். பழைய கடலாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்திருக்கும். அவர் அந்த வாக்கியத்தை முடித்திருப்பார். கோபப்பட்டிருக்கலாம், ரெண்டு கெட்ட வார்த்தை விட்டிருக்கலாம். ஒன்றுமே பேசாமல் துடுப்புப் போட்டிருந்தாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்திருப்பான்.

நெருப்புக் கக்கியது செத்தபோது கரையில் மூன்றாவது ஆள் நின்றான்.

"அண்ணே, வணக்கம். நானும் சேந்துக்கவா?"

நல்ல ஆட்டக்காரன். மரியாதை தெரிந்தவன். கிடைத்த கவசத்தை முதலில் சின்னவனுக்கே நீட்டினான். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

"பழசு எப்படிண்ணே இருக்கும்?"

எக்ஸ்ரேக்காரர் முந்திக்கொண்டார். "மட்டம்டா மாப்ள. பாதி நேரம் படகுல உக்காந்து தண்ணி எறைக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அது பாதியில் நின்றது.

"அப்புறம் ஏண்ணே ஆடுனீங்க?"

சின்னவன் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். எக்ஸ்ரேக்காரர் மேப்பைத் திறந்தார்.

ஐந்து மணிக்கு அவர் கிளம்பினார். "அடுத்த ஞாயிறும் வாடா. இதுல நாலு பேர் வரைக்கும் ஆடலாம்."

"வரேங்க."

இருவரும் ஒரே நேரத்தில் மறைந்தார்கள். சின்னவன் கரையில் கிடந்த படகில் ஏறி, மேப்பில் எந்தத் தீவும் இல்லாத திசைக்கு அதைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனது. பிறகு தானாகவே வளைந்து கரைக்கு வந்தது. மறுபடி திருப்பினான். மறுபடியும் வந்தது. நாலாவது தடவை கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, அது வந்து முட்டும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.