முப்பத்தைந்தைத் தாண்டாமல்

தையற்காரியின் ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள், ‘நல்லா போர்த்தி வை’ என்று சொல்லித் தெருவில் பாதிப் பேர் டாக்டராகிவிட்டார்கள். நிஜ டாக்டரம்மா சொன்னது வேறு. தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், இதயத்தின் நடுவே, ஒரு புள்ளி கோபித்துக்கொண்டு தானே உத்தரவு போடுகிறதாம். வழக்கமாகத் துடிக்கச் சொல்லும் இதய மேலறையின் பேச்சு எடுபடவில்லை. நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்துத் துடிப்பு.

“அபூர்வமா வர்றதுதான். விட்டா இதயம் களைச்சுப் போயிடும். மருந்து போகுது, துடிப்பு இறங்க உடம்பையும் குளிர வைக்கிறோம். முப்பத்தஞ்சு டிகிரியைத் தாண்டவே கூடாது.”

குளிர்நீர் ஓடும் விரிப்பின் மேல், மயக்க மருந்தில், வெறும் டயப்பரோடு கிடந்தது குழந்தை. ஊருக்கெல்லாம் சட்டை தைத்துப் போட்டவள், சொந்தப் பிள்ளை மேல் ஒரு முழத் துணி போடக் கூடாதாம். துறுதுறுத்த கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் முகம் கழுவி, வெளியே கணவனிடம் நாலு வார்த்தை பேசிவரப் போனாள். அந்த இடைவெளியில் மூத்த நாத்தனார் உள்ளே நுழைந்துவிட்டாள். மூன்று பெற்றதை மூன்று பட்டம் வாங்கியது போலப் பேசுகிறவள். நர்ஸ் அடுத்த கட்டிலில் மருந்து மாற்றிக்கொண்டிருக்க, கைப்பையிலிருந்து கம்பளித் தொப்பி, காலுறை, சால்வை எல்லாம் குழந்தை மேல் இறங்கின.

தையற்காரி திரும்பியபோது கட்டிலருகே இருந்த திரையில் சூடு முப்பத்தைந்தரை. நூற்றெண்பதுக்கு இறங்கியிருந்த துடிப்பு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

“அண்ணி, எடுங்க அதை!”

“கால் ஐஸா இருக்கு, பெத்த மனசா உனக்கு?”

“பெத்த மனசுதான். அதான் எடுக்கச் சொல்றேன்.” சால்வையை அவளே உருவினாள். நர்ஸ் ஓடிவந்து தொப்பியையும் காலுறையையும் கழற்றினாள்.

“நானும் மூணு பெத்தவ...”

“உங்க மூணும் நல்லா இருக்கட்டும். இவளை நான் உயிரோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். வெளிய இன்னும் எத்தனை பேர் போர்வையோட வரப் போறாங்களோ! அதட்டி நிறுத்த உங்களை விட்டா யாரு?”

திட்டு வாங்கத் தயாராய் நின்றவளுக்குப் பதவியே கிடைத்துவிட்டது. அன்று முழுக்க நடைவழியில் அவள் குரல்தான். சலவை விரிப்பு கொண்டுவந்த ஆஸ்பத்திரி ஊழியரைக்கூட நிறுத்தி விசாரித்தாளாம்.

மூன்றாம் நாள் காலை, திரையில் ஓடிய கோட்டில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் தெரிந்த ஒரு சின்ன மேட்டைத் தொட்டுக் காட்டினார் டாக்டரம்மா. “மேலறை பேச ஆரம்பிச்சிடுச்சு. நூத்தி நாப்பது. இனி அரை அரை டிகிரியா சூடேத்துவோம். துடிப்பு மறுபடி ஓடினா...”

“மறுபடி குளிர வைப்போம்,” என்றாள் தையற்காரி, நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பிப் போட்டபடி.