செம்பருந்துத் தீவு, ஒன்பதாம் பாகம்

சுவக்கீன் மட்டும் பெருமை பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழனாத்தாளுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

சரஸ்வதி பூஜையன்று பாலக்காட்டில் திறந்திருந்த பைண்டிங் கடை கிறிஸ்தவரான அவருடையது ஒன்றுதான். கொழிஞ்சாம்பாறை டுட்டோரியலில் பாடம் நடத்தும் பழனாத்தாள், பிய்ந்துபோன தன் பி.ஏ. பாடப்புத்தகத்துக்கு அட்டை போடக் கொடுத்திருந்தாள். வாங்க வந்தவளிடம் சுவக்கீன் ஒரு சிவப்புக் காலிகோ துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தத் துணியிலதான் டீச்சர், கல்பாத்தி துரைசுவாமி சாமிக்கு ஒரு வேலை செஞ்சேன். ஏதோ மாயாஜாலக் கதை. பதினாலு பாகமும் ஒரே வால்யூம். மூணு பக்கமும் ஓரம் வெட்டி, முதுகில தங்க எழுத்து. நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து யாரோ வந்து கொண்டுபோறாங்களாம், அங்க ஏதோ லைப்ரரியில வைக்க."

"பதிமூணு பாகம்" என்றாள் பழனாத்தாள்.

"பதினாலு. தைச்சவன் நான். ஒன்பதாம் பாகத்து அட்டையில ஒரு பொம்பள தேள் மேல குந்தியிருக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கல. தேளுக்கு ஒரு பக்கம் நாலு காலு, மறுபக்கம் அஞ்சு."

பழனாத்தாள் பாடப்புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். சுவக்கீன் பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அந்த ஒன்பது கால் தேள் அவளுடையது.

'செம்பருந்துத் தீவு' உலகச் சண்டைக் காலத்துக்கு முன்னால் பாகம் நாலணா என்று விற்ற கதை. மட்டமான தாள், கோணல் மாணலான படங்கள், பாகத்துக்கு ஒரு மந்திரவாதி சாவான். கல்லூரியில் இதைப் பற்றி வாயைத் திறந்ததற்கு, "இதெல்லாம் வண்டிக்காரன் படிக்கிறது" என்று ஒரு பேராசிரியர் சிரித்தார். "எங்கப்பன் வண்டி ஓட்டினவர்தானுங்க" என்று பழனாத்தாள் சொன்ன பிறகு அந்த வருஷம் முழுக்க அவர் அவளிடம் கேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் அவள் வெறிபிடித்த மாதிரி தேட ஆரம்பித்தாள். வேலந்தாவளம் சந்தை, கோயம்புத்தூர் நடைபாதை, பழைய பேப்பர்க்காரன் கோணி, எதையும் விட்டதில்லை. பாகம் பாகமாகப் பதினொன்று சேர்ந்தது. எல்லாம் முதல் பதிப்பு.

எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் மலையில் கிடைத்தவை. கூடப் படித்தவளைப் பார்க்கச் சூரியநெல்லி போனபோது, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மதலேனம்மாள் என்கிற கொழுந்து பறிக்கும் அம்மாள் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவள் புருஷன் சாயங்காலங்களில் லயத்து ஆட்களுக்கு வாசித்துக் காட்டுவானாம். பத்தோடு அவன் ஆயுசு முடிந்துவிட்டது. "முடிவு என்னாச்சுன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ தாயி" என்றாள். பழனாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்து மிச்ச நாலு பாகத்தையும் சொல்லி முடித்துவிட்டு, மூன்றையும் சணலில் கட்டி எடுத்து வந்தாள். பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததில் ஒரு புழு மூன்றையும் சேர்த்துத் துளைத்திருந்தது. துளைபோடும் தமரூசி வைத்துக் குத்தினதுபோல ஒரே துளை.

ஒன்பதாம் பாகம் வேறு யாரிடமும் கிடையாது. அச்சாபீசுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து அந்தப் பாகம் மட்டும் கூழாகிப்போனது என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். துரைசுவாமியிடமும் அது ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

துரைசுவாமி ஒலவக்கோடு ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கொழிஞ்சாம்பாறையில் அவர் குடும்பத்து நிலத்தைப் பழனாத்தாளின் அப்பன் ஆறுச்சாமி குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். உழுதவனுக்கே நிலம் என்று சட்டம் வந்து அது ஆறுச்சாமி பேருக்கு ஆனது. ஆனபிறகும் ஆறுச்சாமி அவரைக் கண்டால் தோள் துண்டை எடுத்துவிட்டு "சாமி" என்பார். பழனாத்தாள் "சார்" என்பாள். அது அவருக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எந்த மந்திரவாதியின் உயிர் எந்தப் பாகத்தில் எந்தக் கிளியிடம் இருந்தது என்று மணிக்கணக்கில் பேச, அந்த ஜில்லாவில் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அவருக்கும் கிடையாது.

மாசி மாதம் "ஒரு வாரம், ஒத்துப் பார்த்துட்டுத் தரேன்" என்று ஒன்பதை வாங்கினார். சித்திரையில் கேட்டதற்குப் பரணில் இருக்கிறது என்றார். ஆவணியில், "கரையான் தின்னுடுத்து பழனா. மண்ணாப் போச்சு. வாரிக் கொட்டிட்டேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி அவளும் அழுதாள். அதை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேரே கல்பாத்திக்குப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பாள். கரையான் தின்றது என்று சொன்ன வாய்க்கு, இது என்னுடையதே என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பஸ் பிடித்து ஊருக்குப் போய், சாட்சிக்கு இருக்கட்டும் என்று எட்டையும் பத்தையும் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"சாமி ஊட்டுக்கா?" என்றார் ஆறுச்சாமி. "பூஜை நாளும் அதுவுமா சண்டைக்குப் போவாத கண்ணு. ஒரு பொஸ்தகந்தானே."

"ஒரு பொஸ்தகந்தான். அதை அவுரு திருப்பிக் குடுத்துட்டாச் சண்டை இல்லீங்கப்பா."

மத்தியானம் மூன்று மணிக்குக் கல்பாத்தி அக்கிரகாரத்து வீட்டு நடையில் நின்றாள். உள்ளே கூடத்து மூலையில் பலகை மேல் சரஸ்வதி படமும், பட்டுத்துணி போர்த்திய புத்தக அடுக்கும், முன்னால் விளக்கும் தெரிந்தன. துணியின் ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

துரைசுவாமியின் மனைவி சேஷம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அங்கேயே நில்லு. என்ன காரியம்?"

"என் புஸ்தகம் உள்ள இருக்குதுங்க மாமி. வாங்கிட்டுப் போக வந்தனுங்க."

"இன்னிக்கா? நேத்து சாயரக்ஷை பூஜை வெச்சாச்சு. நாளைக்குக் காலம்பற விஜயதசமிக்குத்தான் எடுப்பு. அதுவரைக்கும் ஒரு கடுதாசைக் கூடத் தொடப்படாது. நாளைக்கு வா."

"நாளைக்கு என் முதல் பஸ் வந்து சேர்றதுக்குள்ள மெட்ராஸ்காரர் எடுத்துட்டுப் போயிருவாருங்க."

உள்ளிருந்து துரைசுவாமி வந்தார். முழங்காலில் தைலத் துணி சுற்றி, கோலூன்றி. அவளைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது.

"வா பழனா. என்ன, திருநாளும் அதுவுமா?"

"கரையானைப் பாக்க வந்தனுங்க சார். பதினாலு பாகத்தையும் தின்னுட்டு, சிவப்பு அட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்குதுன்னு சுவக்கீன் சொன்னாரு."

சேஷம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துரைசுவாமி செருமினார்.

"உன்னோடதைக் கரையான் தின்னது வாஸ்தவம். இது வேறே பிரதி. கோயமுத்தூர்ல கெடச்சது."

"அப்ப எடுத்துக் காட்டுங்க. என்னதுல மேல் மூலையில ஊதா மசியில எம்பேரு இருக்கும். இல்லைன்னா நான் கால்ல விழுந்துட்டுப் போயர்றேன்."

"பூஜையிலே இருக்கறதை எடுக்கச் சொல்றயா?" அவர் குரல் உயர்ந்தது. "நன்னா இருக்கு. நெலத்தை எடுத்துண்டாச்சு. நாங்க வாயைத் திறந்தோமா? இப்போ ஆத்துக்குள்ளே வந்து நாலணாப் புஸ்தகத்துக்கு நியாயம் பேசறே."

அவள் எதிர்பார்த்த வார்த்தைதான். வந்த பிறகுதான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தோம் என்று தெரிந்தது.

"நெலத்தைச் சட்டம் குடுத்துது. உழுதவங்களுக்குக் குடுத்துது. பொஸ்தகத்தை யாரும் எனக்குக் குடுக்கலீங்க, நானாத் தேடினேன். நெலத்துக்கு ஈடா இதை எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க, அதாவது ஒரு பேச்சு. கரையான்னு சொல்லி என்னை அழ வெச்சீங்களே, அதுக்குப் பேரென்னுங்க?"

"கத்தாதே. தெருவெல்லாம் கேக்கறது."

"கேக்கட்டுமுங்க." நடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எடுப்பு முடியற வரைக்கும் இங்கயேதான் இருக்கப் போறேன். மெட்ராஸ்காரர் வந்து யாருன்னு கேப்பாரு. சொல்றேன்."

எதிர் வீட்டு வாசலில் இரண்டு தலை முளைத்தது.

சேஷம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். பழனாத்தாளிடம் அல்ல.

"கோயமுத்தூருக்கு எப்போ போனேள்?"

"என்ன?"

"வைகாசியிலே கொளப்படியிலே வழுக்கி விழுந்தேள். அன்னியிலேர்ந்து கோயில் வரைக்கும் நான் கையைப் பிடிச்சாக்கும் கூட்டிண்டு போறேன். கோயமுத்தூருக்கு யார் கையைப் பிடிச்சுண்டு போனேள்?"

"தபால்ல வந்தது."

"தபால்காரன் எங்கிட்டேயாக்கும் குடுப்பான். வரல்லே." அவள் குரல் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போயிற்று. "இத்தனை வருஷம் இந்தக் குப்பையைப் பூஜைக்கு வெச்சதுண்டோ? இந்த வருஷம் வெக்கணும்னேள். சரின்னேன். அடுத்தவா வஸ்துவைக் கொண்டு வந்து தேவிக்கு முன்னாலே ஒளிச்சு வெச்சு, அதுக்கு என்னை நைவேத்தியம் பண்ணச் சொன்னேளா?"

"சேஷு, எடுக்கப்படாது—"

"திருட்டு வஸ்து பூஜையிலே இருக்கப்படாது. பூஜையைக் கலைக்கற பாவத்தை விட அது பெரிசு."

பலகை முன்னால் விழுந்து நமஸ்கரித்தாள். எழுந்து பட்டுத்துணியை விலக்கி, சிவப்பு வால்யூமை மட்டும் உருவி எடுத்து நடைக்கு வந்து பழனாத்தாள் முன்னால் வைத்தாள். கொளுத்தாத ஊதுபத்தி ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"பேரைக் காட்டு. இல்லேன்னா இந்தப் பாவம் உன் தலையிலே."

பழனாத்தாள் புரட்டினாள். தேள் மேல் அந்தப் பெண் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். மேல் மூலையில் ஒன்றும் இல்லை. வெள்ளையாக, சுத்தமாக, ஒரே கோட்டில் வெட்டு. பேர் இருந்த ஓரத்தையே சுவக்கீன் கத்தி கொண்டுபோயிருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

துரைசுவாமி மூச்சு விட்டார். "பார்த்தயோன்னோ? பேரும் இல்லை ஒண்ணும் இல்லை. போ, போய்ச் சேரு."

அட்டையை அழுத்திய கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை எடுத்தாள். தேளின் வயிற்றில், கடுகு நுழையும் அளவுக்கு, ஒரு துளை.

அடுத்த தாளைப் புரட்டினாள். துளை. அதற்கடுத்தது. பின் அட்டை வரைக்கும் துளை. அதற்குப் பின்னால் தைத்திருந்த பத்தாம் பாகத்தின் முதல் தாள் பளிங்கு மாதிரி இருந்தது. திரும்பி வந்து எட்டின் கடைசித் தாளைப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.

"உங்க எட்டுல துளை இல்லீங்க. பத்துலயும் இல்லை. நடுவால ஒன்பதுல மட்டும் இருக்குது. எட்டைத் தொடாம, பத்தைத் தொடாம, இந்தப் புழு எப்படிங்க சார் உள்ள போச்சு?"

அவர் கோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பையைப் பிரித்துத் தன் பத்தாம் பாகத்தை எடுத்தாள். வால்யூமில் ஒன்பது முடியும் இடத்தை விரித்து, அதன் மேல் கவிழ்த்து வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கீழே கிடந்த ஊதுபத்தியின் குச்சி முனையைத் துளையில் விட்டாள். குச்சி அவளுடைய பத்தைத் தாண்டி, ஒன்பதுக்குள் ஒரு தாளிலும் சிக்காமல் இறங்கி, அடியில் துரைசுவாமியின் எட்டில் முட்டி நின்றது.

சேஷம்மாள் குனிந்து பார்த்தாள். அவளே குச்சியை ஒரு தரம் இழுத்து, மறுபடி விட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பிளேடைக் கொண்டு வந்து கணவன் முன்னால் நீட்டினாள்.

"பிரிச்சுக் குடுங்கோ."

துரைசுவாமி சுவரில் சாய்ந்தபடி வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். "பழனா, கேளு. பிரிச்சா வால்யூம் போச்சு. பதினாலும் ஒண்ணா வேறே எங்கேயும் இல்லை, உனக்கே தெரியும். நாளைக்கு அவர் கொண்டுபோகட்டும். முதல் பக்கத்திலே உன் பேரையும் அடிக்கச் சொல்றேன். ஒன்பதாம் பாகம் இன்னாரோட உபயம்னு."

"உபயம் குடுக்கலீங்க சார். இரவல் குடுத்தேன்."

பிளேடுக்குக் கை நீட்டினாள். அவர் அதை இழுத்துக்கொண்டார்.

"நீ தொடாதே. நீ அறுத்தா தாளும் வரும். நூலை மட்டும் எடுக்கணும்."

முதுகுத் துணியை ஒரு விரல் நீளத்துக்குக் கீறினார். தையலை ஒவ்வொன்றாக நிமிண்டி அறுத்தார். பத்தின் பக்கம் சுலபமாக விட்டது. எட்டின் கடைசித் தாளும் ஒன்பதின் அட்டையும் முதுகோரம் பசையில் ஒட்டிப் பிடித்திருந்தன. கிழிக்காமல் பிரிக்க வழியில்லை. பிளேடை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார். பிறகு தன் எட்டின் பக்கமாக அதைச் சாய்த்தார். எட்டின் கடைசித் தாள் பாதியாகக் கிழிந்து வந்தது. தேளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழனாத்தாள் அதைப் பார்த்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒன்பதை வாங்கிப் பையில் வைத்து எழுந்தாள். சேஷம்மாள் ஏற்கனவே குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள், மறுபடி குளித்துவிட்டுப் பூஜையைத் தொடங்க. துரைசுவாமி பிளந்து கிடந்த சிவப்பு வால்யூமை மடியில் வைத்து, எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெட்ராஸ்காரர்கிட்ட என்ன சொல்றது?" என்றார் தரையைப் பார்த்து.

"கரையான்னு சொல்லுங்க" என்று படியிறங்கினாள்.

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்றையும் மடியில் அடுக்கினாள். வெட்டுப்பட்ட ஒன்பது, எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை உள்ளே போய்க் குட்டையாகக் கிடந்தது. ஓரத்தைச் சரியாக வைத்தால் துளை கோணியது. துளையைச் சரியாக வைத்தால் ஓரம் கோணியது. இனி எவன் பார்த்தாலும் இதை முதல் பதிப்பு என்று சொல்வான், நல்ல பிரதி என்று சொல்லமாட்டான்.

பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினாள். பூஜை முடியும்வரை எழுதக்கூடாது என்று பக்கத்து சீட்டு அம்மாள் சொல்ல வாயெடுத்தாள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்தத் தடவை பழனாத்தாள் மூலையில் எழுதவில்லை. தேள் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணின் நெஞ்சுக்குக் குறுக்கே, எந்த பைண்டரின் கத்தியும் எட்டாத நட்டநடுவில், பெரிய எழுத்தாக எழுதினாள். ஆ. பழனாத்தாள், பி.ஏ. பஸ் குலுங்கியதில் கடைசி எழுத்து தேளின் ஒன்பதாவது காலில் போய் முடிந்தது.